நாய்க்கு முடி கொட்டுகிறதா? பருத்தி மருந்தைத் தொடாதீர்கள்!

வீட்டு நாய் ஒரு நாள் காதைச் சொறிகிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. நாய் என்றால் சொறியத்தானே செய்யும்!

அடுத்த வாரம் பார்த்தால், முழங்கைப் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியைக் காணோம். இன்னும் பத்து நாளில் காது ஓரம் தடித்து விடுகிறது. வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். இரவெல்லாம் பின்னங்காலைத் தரையில் 'தட், தட்' என்று அடித்தபடி சொறிகிறது. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

அப்புறம்தான் வைத்தியம் ஆரம்பம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர், "லாரி பட்டறையிலே கழிவு ஆயில் வாங்கிப் பூசுங்க அண்ணே" என்கிறார். எதிர் வீட்டுப் பாட்டி, "சின்ன வெங்காயத்தை அரைச்சுத் தேய், முடி முளைக்கும்" என்கிறாள். கொல்லையிலிருந்து வந்தவர், பருத்திக்கு அடித்து மீதி இருக்கும் மருந்துப் பாட்டிலைக் காட்டுகிறார். "ரெண்டு மூடி ஊத்திக் குளிப்பாட்டு. உண்ணி அத்தனையும் உதிரும்."

உண்ணி உதிரும். அதில் சந்தேகம் இல்லை. நாயும் சேர்ந்து போய்விடும்!

இதற்கெல்லாம் தப்பிப் பிழைத்த நாய்க்கு வேறு தண்டனை காத்திருக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீடு, வியாதி ஒட்டிக் கொள்ளும் என்று சொல்லி, ஒரு நாள் சாக்கில் போட்டுக் கொண்டு போய் ஊர் எல்லையில் விட்டுவிட்டு வந்து விடுகிறார்கள். ஐந்து வருஷம் வாசலைக் காத்த நாய் அது. ஒரே மாதத்தில் 'சொறி நாய்' ஆகிவிட்டது. மனிதரை மனிதர் திட்டுவதற்குக் கூட அந்தப் பெயரைத்தானே எடுக்கிறார்கள்!

இத்தனைக்கும், நாய்க்கு வரும் சரும வியாதிகளில் பெரும்பாலானவை தீரக் கூடியவை. சில வாரங்களில் அரிப்பு நிற்கும். சில மாதங்களில் முடி முளைக்கும்.

ஒரு வியாதி அல்ல

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் நாய் இல்லாத கொல்லை அபூர்வம். பெரம்பலூரில் கரிசல் மண். மக்காச் சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளைகிற பூமி. அரியலூரில் செந்துறை, ஜயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரிக் காடுகள். காவலுக்கு நாட்டு நாய் வேண்டும். ஆடு மேய்க்கிறவர்களுக்கும் வேண்டும். இப்போது டவுன் வீடுகளில் லாப்ரடார், பொமரேனியன், பக் என்று வெளிநாட்டு ஜாதி நாய்களும் புகுந்து விட்டன. குளிர்ப் பிரதேசத்து நாயான ஹஸ்கியைக் கூடச் சிலர் வாங்கி வளர்க்கிறார்கள். சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

எந்த ஜாதி நாய் ஆனாலும், முடி கொட்டினால் ஜனங்கள் சொல்வது ஒரே வார்த்தை. "சொறி பிடித்துவிட்டது."

சொறி என்று ஒரு தனி வியாதி கிடையாது. காய்ச்சல் எப்படிப் பல வியாதிகளுக்கு அடையாளமோ, அப்படித்தான் இதுவும். பேன், உண்ணி, தெள்ளுப் பூச்சி காரணமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்ப் பூச்சி இருக்கலாம். காளான் இருக்கலாம். சாப்பாடு சேராமல் இருக்கலாம். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாமலும் இருக்கலாம். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

ஊசி முனையில் வந்த பூச்சி

சொறிக்குக் காரணம் ஒரு பூச்சி என்பதே வெகு காலம் உலகத்துக்குத் தெரியாது. ரத்தம் கெட்டுப் போனதால் வருகிறது என்றுதான் பெரிய வைத்தியர்களும் நினைத்தார்கள்.

இத்தாலி தேசத்தில் லிவோர்னோ என்ற துறைமுகப் பட்டணம். அங்கே ஏழைப் பெண்கள், சொறி பிடித்த தங்கள் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ குத்தி எடுப்பது வழக்கம். போனோமோ என்ற டாக்டரும் செஸ்டோனி என்ற மருந்துக் கடைக்காரரும் இதைக் கவனித்தார்கள். அப்படி எடுத்ததைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். கால்கள் உள்ள ஒரு ஜீவன் ஊர்ந்தது! 1687ஆம் ஆண்டு போனோமோ இதை எழுதி வெளியிட்டார். வைத்தியர்களுக்குத் தெரியாதது அந்தத் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஜாதிப் பூச்சிதான் நாயின் தோலையும் குடைகிறது. சார்காப்டஸ் என்று பெயர். நீளம் அரை மில்லி மீட்டர் கூட இராது. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டை இடுகிறது. காது ஓரம், முழங்கை, பின்னங்கால் முட்டி, அடிவயிறு, இந்த இடங்களில்தான் முதலில் முடி போகும். அரிப்பு தாங்க முடியாது. நாயின் காது மடல் ஓரத்தை விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். உடனே பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால், இந்தப் பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

இது மற்ற நாய்களுக்கு வேகமாகப் பரவும். நாயைத் தூக்கி விளையாடும் குழந்தைகளுக்கும் கையில், வயிற்றில் அரிப்பு வரும். ஆனால் நாயின் பூச்சி மனிதர் உடம்பில் நிலைத்துக் குடும்பம் நடத்துவது இல்லை. நாய்க்குக் குணமானால் குழந்தையின் அரிப்பும் சில வாரத்தில் அடங்கிவிடும். இதற்காக நாயைத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு பூச்சி உண்டு. பெயர் டெமோடெக்ஸ். பார்ப்பதற்குச் சுருட்டு மாதிரி இருக்கும். இது சுரங்கம் தோண்டுவது இல்லை. முடிக்கால் குழியில் தலைகீழாகப் புகுந்து கொண்டு வாழும். குட்டி பிறந்து பால் குடிக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் தாயின் உடம்பிலிருந்து இது குட்டிக்கு வந்து விடுகிறது. நல்ல ஆரோக்கியமான நாயிடமும் இது இருக்கும். ஒன்றும் செய்யாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும் போதுதான் பெருகி, முடியைக் கொட்ட வைக்கிறது. கண்ணைச் சுற்றி, வாய் ஓரம், முன்னங்காலில் வட்ட வட்டமாகச் சொட்டை விழும். ஆரம்பத்தில் அரிப்பே இராது.

குட்டி நாய்க்கு இப்படி ஒன்றிரண்டு இடத்தில் சொட்டை விழுந்தால், பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகிவிடும். உடம்பு முழுவதும் பரவினால் தான் வினை. இந்தப் பூச்சி மனிதருக்குத் தொற்றாது. வேடிக்கை என்னவென்றால், அதிகமாகத் தெருவில் விடப்படுவது இந்த நாய்தான். பார்க்க மிகவும் அருவருப்பாக ஆகி விடுகிறது அல்லவா!

இந்த இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? கால்நடை டாக்டர் ஒரு பிளேடு முனையில் சிறிது எண்ணெய் தடவிக் கொண்டு, சொட்டையின் ஓரத்தை லேசாக ரத்தம் கசியும் வரை சுரண்டி எடுப்பார். அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். சில நிமிஷ வேலைதான். சார்காப்டஸ் பூச்சி எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் சில சமயம் முதல் சுரண்டலில் அகப்படாது. அதற்காக டாக்டரைக் குறை சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போகக் கூடாது. மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.

சுவரில் ஏறும் எதிரி

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நாய்க்கு நிரந்தர எதிரி உண்ணிதான். ஆட்டுப் பட்டியும் மாட்டுக் கொட்டகையும் அருகருகே உள்ள இடம். வெயில் காலமும் நீளம். உண்ணிக்கு இதை விட வசதி வேண்டுமா?

நாயின் உடம்பில் நாம் பார்க்கும் உண்ணி, மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே. வயிறு முட்ட ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பைத் தேடிப் போய் முட்டை இடுகிறது. ஒன்றல்ல, இரண்டல்ல. நாலாயிரம் முட்டை வரை! குஞ்சுக்கு ஆறு கால். நாயைத் தேடி ஏறும், குடிக்கும், விழும். தோல் உரித்து எட்டுக் காலுடன் மறுபடி ஏறும். இப்படி மூன்று முறை. நடுவில் நாய் கிடைக்காவிட்டால் மாதக் கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கவும் அதற்குத் தெரியும். ஆகவே, நாயைச் சுத்தம் செய்துவிட்டு, அது படுக்கும் மூலையை விட்டுவிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உண்ணி கடித்த இடம் புண்ணாகும். சொறிந்து சொறிந்து முடி போகும். அதோடு நின்றால் பரவாயில்லை. அது ரத்தத்திலும் கை வைக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் சென்னையில் 'மெட்ராஸ் ஹண்ட்' என்று ஒரு வேட்டைச் சங்கம் இருந்தது. நரி வேட்டைக்காகக் கூட்டம் கூட்டமாக வேட்டை நாய்களை வளர்த்தார்கள். அந்த நாய்களின் ரத்தத்தைப் பரிசோதித்த பாட்டன் என்ற விஞ்ஞானி, சிவப்பு அணுக்களுக்குள் ஒரு புதிய கிருமி இருப்பதைக் கண்டார். அதே கிருமியை நரியின் ரத்தத்திலும் பார்த்தார். 1910ஆம் ஆண்டு இதை உலகத்துக்கு அறிவித்தார். அந்தக் கிருமிக்கு இன்றும் பபீசியா கிப்சோனி என்று பெயர். உண்ணி கடித்தால் நாய்க்கு வரும் ரத்த சோகைக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமிகளில் இது ஒன்று. தமிழ் நாட்டு நாய்களிடம் முதன் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் கிருமி, ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல தேசங்களில் இன்று நாய்களைப் படுத்துகிறது.

உண்ணி பிடித்த நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்துப் போனால், மூத்திரம் காப்பி நிறத்தில் போனால், மூக்கில் ரத்தம் வந்தால், சோப்பும் எண்ணெயும் தேடிக் கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கொல்லும் வைத்தியம்

உண்ணிக்குத்தான் பருத்தி மருந்து ஊற்றுகிறார்கள். பெரம்பலூர்ப் பக்கம் இது சகஜம். வீட்டுத் திண்ணையிலேயே பாட்டில் இருக்கிறது. செடியில் உள்ள புழு சாகிறது, நாயில் உள்ள உண்ணி சாகாதா என்று நினைக்கிறார்கள்.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பயிர் மருந்துகள் நரம்பைத் தாக்கும் விஷங்கள். மருந்து அடிக்கும் மனிதருக்கே அபாயம். 2017ஆம் ஆண்டு பெரம்பலூர் வட்டாரத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகள் சிலர் உயிர் இழந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல திடகாத்திரமான ஆளுக்கே இந்தக் கதி. பத்துப் பதினைந்து கிலோ நாய் என்ன ஆகும்? அதன் மேல்தோல் மனிதத் தோலை விட மெல்லியது. ஏற்கெனவே சொறிந்து புண்ணான தோல் வழியாக விஷம் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். போதாக் குறைக்கு நாய் தன் உடம்பை நக்குகிறது.

வாயில் எச்சில் ஒழுகும். உடம்பு நடுங்கும். கண் பாவை ஊசி முனை போல் சுருங்கும். மூச்சுத் திணறும். இதைப் பார்த்தால் உடனே கையுறை போட்டுக் கொண்டு, சோப்பு நீரில் நாயைக் கழுவ வேண்டும். பிறகு ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மருந்துப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால் மாற்று மருந்து கொடுக்க முடியும். பாட்டிலை மறைப்பவர்கள் உண்டு. திட்டு விழும் என்று வெட்கம். அந்த வெட்கம் நாயின் உயிரை வாங்கி விடுகிறது.

நாய்க்கென்றே தயாரான உண்ணி மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. கழுத்தில் சொட்டு விடுவது உண்டு. பட்டை உண்டு. மாத்திரை உண்டு. 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டில் வந்த புதிய வகை மாத்திரைகளில் சில, ஒரே மாத்திரை ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை வேலை செய்கின்றன. உண்ணி, தெள்ளுப் பூச்சி இரண்டும் சாகும். டெமோடெக்ஸ் சொட்டையும் இதில் குணமாகிறது. விலை அதிகம்தான். வலிப்பு வரும் நாய்க்குக் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டே தீர வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு ஜாக்கிரதை. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

வெங்காயச் சாறும் கழிவு ஆயிலும்

மனிதருக்குப் புழுவெட்டு விழுந்தால் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். வெங்காயம் மலிந்த பெரம்பலூரில் நாய்க்கும் அதையே செய்கிறார்கள். பூசியதை நாய் நக்காமல் விடாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பு அணுக்களை உடைக்கும் பொருள். பச்சையாக இருந்தாலும், வேக வைத்தாலும், பொடியாக இருந்தாலும் அதன் குணம் மாறாது. 10 கிலோ எடை உள்ள நாய்க்கு 50 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே அபாயம். இரண்டு கரண்டி வெங்காய சாம்பார் சோற்றை ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்த நாய்க்கு, வெங்காயச் சோறு போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி.

கழிவு ஆயில் பூசினால் பூச்சி மூச்சு முட்டிச் சாகும் என்பது நம்பிக்கை. அதில் எந்திரம் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த கசடும் உண்டு. தோல் வெந்து போகும். நக்கினால் வயிற்றுக்குள் போகும். முந்திரிக் கொட்டை எண்ணெய் அதை விடக் கொடியது. கொட்டை சுடும் இடத்தில் வேலை செய்கிறவர்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு அது தோலை எப்படிக் கொப்புளிக்க வைக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

பழைய வைத்தியம் எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கந்தகம் சொறிப் பூச்சியைக் கொல்லும். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துத் தயாரித்த கரைசலை இன்றும் தோல் டாக்டர்கள் உபயோகிக்கிறார்கள். வேப்பெண்ணெய்க்கும் பூச்சியை விரட்டும் குணம் கொஞ்சம் உண்டு. ஆனால் அளவு தெரியாமல் உடம்பெல்லாம் வழிய வழியப் பூசினால் எரிச்சல் கண்டு, நக்கி, வாந்தி எடுக்கும். வேப்பெண்ணெய் மட்டும் தேய்த்து முற்றிய சொறியைக் குணப்படுத்த முடியாது.

மாட்டு ஊசி

ஐவர்மெக்டின் என்ற மருந்தின் கதை ருசிகரமானது. ஜப்பானில் கவானா என்ற இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானம். அதன் அருகே எடுத்த மண்ணில் சதோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதிலிருந்து அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழுவினர் இந்த மருந்தை உருவாக்கினார்கள். 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரை மக்களின் கண்ணைப் பறித்த புழு வியாதியையும் அது ஒடுக்கியது. 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சொறிப் பூச்சிக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் மாட்டுக்கு என்று வாங்கி வைத்த ஊசி மருந்தை, குத்து மதிப்பாக நாய்க்குப் போடுவது பெரிய தவறு. 300 கிலோ மாட்டுக்குத் தயாரான சரக்கு அது. 10 கிலோ நாய்க்கு ஒரு சொட்டுக் கூடினாலும் கணக்குத் தப்பிவிடும். நாய் தள்ளாடும், கண் தெரியாமல் முட்டும், நினைவு இழக்கும். கோலி என்ற மேய்ச்சல் நாய் ஜாதிக்கும் அதன் உறவு ஜாதிகளுக்கும் சாதாரண அளவைச் சற்றுக் கூட்டினாலே ஆபத்து. மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் ஒரு மரபணு அவற்றில் பழுதாகி இருப்பதே காரணம் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு வகை ஊசி இருக்கிறது. போட்ட அன்றே அரிப்பு நின்றுவிடும். நாய் நிம்மதியாகத் தூங்கும். வீட்டுக்காரருக்கு டாக்டர் தெய்வமாகத் தெரிவார். அது ஸ்டீராய்டு. ஒவ்வாமை அரிப்புக்கு அது தேவைப்படும் சமயம் உண்டு. ஆனால் டெமோடெக்ஸ் பூச்சி உள்ள நாய்க்கு அதைப் போட்டால், இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போய், சொட்டை உடம்பெங்கும் பரவும். மருந்துக் கடையில் தேமலுக்கு என்று வாங்கிய களிம்பிலும் பல சமயம் இதே ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சுரண்டிப் பார்க்காமல் சிகிச்சை கூடாது என்பது இதற்காகத்தான்.

தயிர்ச் சோற்று நாய்

நாயின் ரோமம் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. நாய் சாப்பிடும் புரதத்தில் ஏறக்குறையக் கால் பங்கு தோலுக்கும் முடிக்குமே செலவாகிறது. வெறும் பழைய சோறும் தயிரும் போட்டு வளர்த்தால் முடிக்கு எங்கே போகும்? மினுமினுப்பு மங்கும். பொடுகு உதிரும். முடி ஒடியும். "எங்கள் நாய் மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறதே" என்பார்கள். வயிறு நிறைகிறது, வாஸ்தவம்தான். முடிக்கு வேண்டியது நிறையவில்லை.

வேக வைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, மீன், ஈரல், இவற்றில் ஏதாவது ஒன்று அன்றாடம் கொஞ்சமாவது சோற்றில் சேர வேண்டும். கறிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழிவை நன்றாக வேக வைத்துப் போட்டாலும் போதும். மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. சைவக் குடும்பமாக இருந்தால் நாய்க்கென்று விற்கும் தீனியைக் கலந்து கொள்ளலாம்.

தெள்ளும் காளானும்

தெள்ளுப் பூச்சி கடித்தால் வால் அடியிலும் இடுப்பிலும் முடி போகும். சில நாய்க்கு அந்தப் பூச்சியின் எச்சிலே ஒவ்வாது. ஒரே ஒரு கடி போதும், ஒரு வாரம் சொறியும். வெள்ளைத் துணியை விரித்து நாயைச் சீவினால் கறுப்புத் தூள் உதிரும். அதை ஈரப் பஞ்சில் தேய்த்துப் பார்த்தால் ரத்தச் சிவப்பாகக் கரையும். அதுதான் தெள்ளின் கழிவு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காளான் தலை காட்டும். வட்டமாகச் சொட்டை விழுந்து, ஓரம் செதில் தட்டும். படர்தாமரை என்று மனிதரிடம் நாம் சொல்வதும் இந்த இனமே. இது குழந்தைகளுக்குத் தொற்றும். நாயைத் தொட்டால் கை கழுவ வேண்டும். குணமாகும் வரை ஒரே பாயில் படுக்க விடக் கூடாது. காது நாறினாலும், கழுத்து மடிப்பில் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தாலும் அது வேறொரு காளான். அதற்குத் தனி ஷாம்பூ இருக்கிறது.

அரிப்பு இல்லாத சொட்டை

நாய் சொறியவே இல்லை. ஆனால் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக முடி போகிறது. வால் எலி வால் போல் ஆகிறது. சாப்பாடு அதே சாப்பாடுதான். ஆனால் எடை கூடுகிறது. எந்நேரமும் சோம்பல். லாப்ரடார், டாபர்மேன் போன்ற நடு வயது நாய்களுக்கு இப்படி வந்தால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை கொடுத்தால் முடி திரும்பும். மாத்திரையை ஆயுள் முழுவதும் கொடுத்து வர வேண்டும்.

கவலையே பட வேண்டாத முடி உதிர்தலும் உண்டு. பருவம் மாறும் போது நாய் பழைய முடியைக் கொட்டிப் புதிது போடும். குட்டி போட்ட பெண் நாய்க்குச் சில வாரம் கழித்து முடி கொட்டும். தோலில் புண்ணோ, செதிலோ, அரிப்போ இல்லாவிட்டால் பயம் இல்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு ஜாதிகளுக்கு உடம்பில் சதையும் குறைவு, முடியும் குட்டை. அரியலூர் என்றால் சிமெண்டு. வீட்டு முற்றம், வாசல் எல்லாம் சிமெண்டுத் தரை. அதிலேயே படுத்து எழுந்தால் முழங்கையில் முடி போய்க் காய்ப்புக் காய்க்கிறது. இதையும் சொறி என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். இரண்டு கோணிச் சாக்கை மடித்துப் போட்டால் தீர்ந்தது!

குளியல்

தினமும் குளிப்பாட்டுவது நாய்க்கு நல்லது அல்ல. தோலில் உள்ள எண்ணெய் போய்விடும். ஆரோக்கியமான நாய்க்கு மாதம் ஒன்றிரண்டு முறை போதும். துணி சோப்பும் பாத்திரத் தூளும் கூடவே கூடாது. மனிதர் சோப்பும் நாய்த் தோலுக்குப் பொருந்தாது. குளித்த பிறகு நன்றாகத் துவட்ட வேண்டும். நீண்ட முடி உள்ள பொமரேனியன் ஈரத்தோடு கிடந்தால், மறு நாளே கைப்பிடி அளவு இடத்தில் தோல் அழுகிச் சீழ் கட்டுவது உண்டு. வெயிலுக்கு நல்லது என்று அதை மொட்டை அடித்து விடுகிறார்கள். சில பொமரேனியன்களுக்கு வெட்டிய முடி மாதக் கணக்கில் முளைப்பதே இல்லை.

எங்கே போவது?

பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. கிராமங்களில் மருந்தகங்கள் இருக்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அங்கே வைத்தியம் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். நாயையும் பார்க்கிறார்கள். வியாதி முற்றிப் போனால், பெரம்பலூர்க்காரர்களுக்கு நாமக்கல்லும் அரியலூர்க்காரர்களுக்கு ஒரத்தநாடும் எட்டும் தூரம்தான். இரண்டு ஊரிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

போவதற்கு முந்தின நாள் நாயைக் குளிப்பாட்டக் கூடாது. எண்ணெய் பூசக் கூடாது. அழகாகக் காட்ட வேண்டும் என்று சிலர் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டு போகிறார்கள். டாக்டர் பார்க்க வேண்டிய செதிலும் பூச்சியும் தண்ணீரோடு போய் விடுகின்றன. எந்த இடத்தில் முதலில் ஆரம்பித்தது, அரிப்பு முதலில் வந்ததா, சொட்டை முதலில் வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா, இதற்குள் என்னென்ன பூசினீர்கள், இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் பலர் வாய் திறப்பதில்லை.

அரிப்பில் இருக்கும் நாய் வீட்டுக்காரரையே கடிக்கும். வெறி நாய்த் தடுப்பு ஊசி போட்ட நாயாக இருப்பது அவசியம். கடித்து விட்டால் காயத்தை 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாக்கில் போட்டு ஊர் எல்லையில் விடுகிறவர்கள் ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும். வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டு மிருக வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சிகிச்சை ஆரம்பித்த மூன்றாவது வாரம் அரிப்பு குறைந்து, மெல்லிய பூனை முடி தெரியும். அதைப் பார்த்ததும் மருந்தை நிறுத்தி விடுகிறார்கள். இரண்டே மாதத்தில் திரும்பவும் வந்து நிற்கிறார்கள். டெமோடெக்ஸ் சொட்டைக்கு, ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் பூச்சி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே மருந்தை விட வேண்டும். முடி முழுவதும் மூட மூன்று மாதம் கூட ஆகும். புதிய முடி சில நாய்க்குப் பழைய நிறத்தில் இராது. கறுத்தோ, வெளுத்தோ திட்டுத் திட்டாகத் தெரியும். அது வியாதி இல்லை.

நாய் படுத்த பழைய சாக்கைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். கழுத்துப் பட்டையையும் அதே தண்ணீரில் போடலாம். படுக்கும் மூலையில் சுவர் வெடிப்பு இருந்தால், ஒரு கரண்டி சிமெண்டு குழைத்து அடைத்து விடுங்கள். நாலாயிரம் முட்டை அங்கேதான் இருக்கிறது.